பதிமூன்று வருஷத்து அண்ணன்

தொலைபேசி நிலையத்தின் சூப்பர்வைசருக்கு அங்கே வேலை பார்த்த பெண்கள் வைத்திருந்த பெயர் ஸ்கேல். நெட்டையாக, ஒல்லியாக, எந்தப் பக்கமும் வளையாமல் இருப்பாள் என்பது ஒரு காரணம். கையில் எப்போதும் ஓர் அடி மர ஸ்கேல் வைத்திருப்பாள் என்பது இன்னொன்று. யாராவது சரிந்து உட்கார்ந்தால் நாற்காலியின் முதுகில் ஒரே ஒரு தட்டு. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

எண்ணைச் சுழற்றினால் தானாகப் போய்ச் சேருகிற காலம் அப்போது வரவில்லை. அந்த ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் முதலில் அந்த மாடி அறைக்கு வந்துதான் போக வேண்டும். சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. பலகை முழுக்கத் துளைகள், துளைக்கு மேலே கடுகளவு விளக்கு. விளக்கு எரிந்தால் கம்பியைச் செருகி, "எண் சொல்லுங்க" என்று கேட்டு, இன்னொரு கம்பியை இன்னொரு துளையில் செருக வேண்டும். காலையும் மாலையுமாக முப்பத்தெட்டுப் பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். ஊரே அவர்கள் விரல் நுனியில் பேசிக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு ஒரு விதிப்புத்தகம் இருந்தது. அதில் நான்காவது விதி: மணமான பெண்கள் இந்தப் பணியில் தொடர இயலாது. வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஒரு படிவத்தில் 'நான் மணமாகாதவள்' என்று கையெழுத்துப் போட வேண்டும். கல்யாணம் நிச்சயமானவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போவாள். ஸ்கேல் அந்தப் புத்தகத்தை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை பார்க்காமல் ஒப்பிப்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது.

கணவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். கல்யாணமான கையோடு இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது, வாடகைக்கு வீடு விட்டவர் "நீங்க ரெண்டு பேரும்...?" என்று இழுத்தார். வேலை போய்விடுமோ என்ற பதற்றத்தில் அவள் "அண்ணன்" என்று சொல்லிவிட்டாள். வாயிலிருந்து விழுந்த வார்த்தையை யார் பொறுக்கி எடுப்பது? அன்றிலிருந்து ஜன்னல் திறந்திருந்தால் "அண்ணே", மூடியிருந்தால் "என்னங்க". ஒருநாள் உள்ளறையில் சண்டை போடும்போது சூட்டில் மாற்றிச் சொல்லிவிட்டாள். "இந்த வீட்டுல எனக்கு ஒரு மரியாதை உண்டா அண்ணே?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சண்டையும் அத்தோடு முடிந்தது.

தங்கைக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணன் என்று தெருவே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எதிர்வீட்டு அத்தை, தெருவுக்கே அத்தை, அவருக்குப் பெண் பார்ப்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருக்கும். புது மேனேஜர் வந்தார்.

மோசமான மனிதர் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே பாதி நாளைக் கழிப்பவர். ஒரு திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"வெள்ளிக்கிழமை படிவத்துல கையெழுத்து வாங்கணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஏழாம் நம்பர் போர்டுல இருக்கற பொண்ணுக்கு ரகசியமா கல்யாணம் ஆயிடுச்சுன்னு எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. பேர் போடாத கடிதம்தான். நீங்க விசாரிச்சு எழுதிக் கொடுங்க மேடம்."

"ஏழாம் நம்பரா?"

"நான் வச்ச விதியா? நானும் கீழ்ப்படியறவன்தான்" என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஏழாம் நம்பரில் இருந்தவள் மைனா. குரலுக்காக வந்த பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் ஆற்றில் வெள்ளம் வந்தபோது, கீழ்த்தளத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்க, மேலே ஒரே மூச்சில் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து கரையோர வீடுகளை ஒவ்வொன்றாக அழைத்து "மேட்டுக்குப் போங்க, பயப்படாதீங்க" என்று சொன்னவள் அவள். நிலையத்துக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம் மேனேஜர் அறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதில் மைனாவின் பெயர் இல்லை.

மதியம் சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் போன பிறகு ஸ்கேல் அவளை நிறுத்தினாள்.

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

மைனா டிபன் டப்பாவை மூடினாள். "எட்டு மாசம் ஆச்சு மேடம். ஸ்கூல்ல டிராயிங் வாத்தியாரா இருக்கார்."

"ஏன் சொல்லலை?"

"யாரும் கேட்கலையே."

"வெள்ளிக்கிழமை கேட்பாங்க. பேசாம கையெழுத்துப் போட்டுடு. விசாரிச்சேன், ஒண்ணும் இல்லைன்னு நான் எழுதிடறேன்."

இதைச் சொன்னதும் ஸ்கேலுக்கே தூக்கிவாரிப் போட்டது. விதியை மீறச் சொல்லி ஒருத்திக்கு அவள் யோசனை சொன்னது இதுதான் முதல் தடவை.

மைனாவும் திகைத்துப்போய்த்தான் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "வேண்டாம் மேடம். கேட்காத வரைக்கும் சும்மா இருந்தேன். கேட்டா இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவரைப் போய் இல்லைன்னு எழுதினா, சாயங்காலம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

அவள் போய்விட்டாள். ஸ்கேல் அங்கேயே நின்றாள். இருபத்திமூன்று வயதுப் பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை, முள் மாதிரி எங்கோ தைத்தது. பதிமூன்று படிவங்கள். பதிமூன்று தடவை அவள் அவரை இல்லையென்று எழுதிவிட்டு, அதே மூஞ்சியோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அந்த வாரம் முழுக்க அறிக்கை எழுத உட்கார்ந்தாள். மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தாள். வியாழக்கிழமை மாலை ஜன்னலை மூடிவிட்டுக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணில் லென்ஸோடு ஒரு பெண்கள் கடிகாரத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டார்.

"எனக்கு அந்த வேலை பிடிக்கும். அந்த அறையை விட்டா எனக்கு மூச்சு முட்டிடும். ஆனா..." என்று நிறுத்தினாள். "உங்களுக்கு இது கஷ்டமா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

"அண்ணனா இருக்கறதா? சௌகரியம்தான். தெருவுல எனக்கு எவ்வளவு நல்ல பேரு!" சிரித்தார். அப்புறம் லென்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஒரே ஒரு தடவை கஷ்டமா இருந்துச்சு. போன வருஷம் காய்ச்சல்ல நீ ஆஸ்பத்திரில கிடந்தப்போ. பெண்கள் வார்டுல புருஷன் மட்டும்தான் கூட இருக்கலாம், அண்ணனெல்லாம் அரை மணி நேரம் பார்த்துட்டுக் கிளம்பணும்னு சொல்லிட்டாங்க."

"நீங்க கடைக்குப் போயிட்டதா இல்ல நினைச்சேன்?"

"கடைக்கா? நாலு நாள் எதிர்ல பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்துதான் வாட்ச் ரிப்பேர் பண்ணினேன். ஒரு பல்சக்கரம் உருண்டு சாக்கடைக்குள்ள போயிடுச்சு. அந்த ஆள் இன்னும் என்னைத் திட்டிக்கிட்டிருக்கான்."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் எழுந்து போய் ஜன்னலைப் படாரென்று திறந்தாள். தெருவில் நாலு பேர் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க!" என்று உரக்கக் கூப்பிட்டாள். "டீ குடிக்கறீங்களா?"

அவர் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. காலை ஷிஃப்ட் முடிந்து மாலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம் என்பதால் முப்பத்தெட்டுப் பேரும் மாடி அறையில் இருந்தார்கள். மேனேஜர் படிவக் கட்டோடு வந்தார்.

"மேடம், அறிக்கை?"

"படிவத்திலேயே எழுதிடறேன் சார்" என்றாள் ஸ்கேல். முதல் படிவத்தை எடுத்தாள். மர ஸ்கேலை வைத்து, 'மணமாகாதவள்' என்ற சொல்லின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். அதன் மேலே எழுதினாள்: மணமானவள். பதிமூன்று ஆண்டுகள். வேலையில் குறை இருந்தால் சொல்லவும். கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

மேனேஜர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது... யாரோட படிவம்?"

"என்னோடதுதான்."

எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பலகையில் நாலைந்து விளக்குகள் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தன. மைனா எழுந்து வந்து ஸ்கேலின் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். "அந்த ஸ்கேலையும் கொடுங்க மேடம்" என்றாள்.

அடுத்து எழுந்தது துணை சூப்பர்வைசர். மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களுமா? தினம் வாசல்ல சைக்கிளோட வந்து நிக்கறாரே, அவரை மாமான்னு இல்ல சொன்னீங்க?"

"மாமாதான் சார். எந்த மாமான்னு நீங்க கேட்கலையே."

அடக்கி வைத்திருந்த சிரிப்பு அந்த இடத்தில் உடைந்தது. அதற்குப் பிறகு பயம் இருந்த இடம் தெரியவில்லை. ஒருத்தி, இன்னொருத்தி, பின்வரிசையிலிருந்து இரண்டு பேர். எல்லோரும் வரிசையில் நின்று அதே ஸ்கேலால் அதே சொல்லை அடித்தார்கள். கடைசியில் மேனேஜரின் சொந்த டைப்பிஸ்ட் கீழேயிருந்து ஏறி வந்து, தானும் லைன்மேனும் மூன்று வருஷமாகக் கணவன் மனைவி என்று எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசரோடு சேர்த்து மொத்தம் பதினொரு பேர். போன மாதம்தான் சேர்ந்திருந்த ஒரு பெண், 'எனக்கு இன்னும் ஆகவில்லை, ஆகும்போது இங்கே அனுமதி கேட்க மாட்டேன்' என்று எழுதினாள்.

மேனேஜர் கட்டை எண்ணிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "விதி நாலு. பதினொரு பேரும் இப்பவே வெளியே போகணும். எனக்கு வேற வழி தெரியலை."

"போறோம் சார்" என்றாள் ஸ்கேல். "ஆனா விதி பத்தொன்பதையும் ஞாபகப்படுத்திடறேன். சூப்பர்வைசரோ துணை சூப்பர்வைசரோ அறையில இல்லாத நேரத்துல, ஆஸ்பத்திரி, தீயணைப்பு, இந்த ரெண்டுக்கும் தவிர வேற யாருக்கும் இணைப்பு தரக் கூடாது. புத்தகத்துல இருக்கு. நான் வச்ச விதியா?"

பதினொரு பேர் படியிறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் மாடி அறையில் மீதி இருந்தவர்கள் எல்லோரும் விதி பத்தொன்பதுக்குக் கீழ்ப்படிந்தார்கள். அவசர இணைப்புகளுக்கு ஆறு பேர் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு கையைக் கட்டி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். ஸ்கேல் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேராக அவர்கள் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, கணவரைக் கையோடு அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனதுதான்.

"அத்தை, இவர் என் அண்ணன் இல்லை. என் வீட்டுக்காரர்."

அத்தை இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "பதிமூணு வருஷமா?"

"பதிமூணு வருஷமா."

"பதினேழு பொண்ணு பார்த்தேன்டி உன் புருஷனுக்கு!" என்று அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். "போன வாரம்கூட ஒரு டீச்சர் வீட்டுல பேசிட்டு வந்திருக்கேன். அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை அதே அத்தை, அதே கோபத்தோடு, ஒரு கூஜா நிறைய டீ போட்டு எடுத்துக்கொண்டு தொலைபேசி நிலையத்து வாசலுக்கு வந்து சேர்ந்தாள். "என்கிட்ட மறைச்சதுக்கு உங்கிட்ட பேச மாட்டேன். மத்தப் பொண்ணுங்களுக்குத்தான் டீ" என்று சொல்லிவிட்டு முதல் டம்ளரை ஸ்கேல் கையில்தான் கொடுத்தாள்.

பதினொரு பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று படிகளில் நெருக்கியடித்துக்கொண்டு. படிக்கட்டில் உட்கார்ந்ததும் 'மேடம்' எப்படியோ 'அக்கா' ஆகிவிட்டது. யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. ஸ்கேலும் திருத்தவில்லை.

உள்ளே மேனேஜர் தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்ற செய்தி பத்து மணிக்கு வந்தது. பத்தரை மணிக்கு விளைவுகள் வரத் தொடங்கின. நகரசபைத் தலைவர் தலைநகரத்துக்குப் பேசக் கேட்டார். மேனேஜர் அவரைப் பல் டாக்டரோடு சேர்த்துவிட்டார். பல் டாக்டர், வலியோடு முந்தின நாள் போன் பண்ணிய ஆள் என்று நினைத்துக்கொண்டு, "வலது பக்கமா, இடது பக்கமா, தெளிவாச் சொல்லுங்க" என்று அதட்டினார். தேர்தல் நேரம். தலைவர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பக்கமும் இல்லைங்க, இப்போதைக்கு நடுவுல இருக்கேன்" என்றார். "நடுவுலயா? அப்போ முன்பல்லு. உடனே பிடுங்கிடணும்" என்றார் டாக்டர்.

தலைவரே இதை வாசற்படிக்கு வந்து, முகம் சிவக்க, பெண்களிடம் முறையிட்டார். கேட்டு முடிப்பதற்குள் மைனா சிரித்துச் சிரித்துப் படியிலிருந்து சரிந்துவிட்டாள். மாவு மில்காரர் வந்தார், சவப்பெட்டிக் கடைக்காரர் வந்தார், பிரசவ டாக்டர் வந்தார். சவப்பெட்டிக் கடைக்காரரிடம் காலையிலிருந்து ஆறு பேர் மாப்பிள்ளையின் நலம் விசாரித்திருந்தார்கள். "நீங்க இல்லாம ஊரே ஊமையாயிடுச்சும்மா" என்றார் பிரசவ டாக்டர். "கல்யாணமானவங்க கையால கனெக்‌ஷன் கொடுத்தா காதுல விழாதா என்ன? யாருக்கு வந்த யோசனை இது?" அவர் மேனேஜரைத் தேடி மாடிப்படி ஏறினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். நரைத்த மீசை, களைத்த கண்கள். மேனேஜர் அறையில் ஸ்கேலை எதிரே உட்கார வைத்தார். கதவுக்கு வெளியே பத்துப் பேரின் காதுகள் ஒட்டியிருந்தன என்பதை இருவருமே அறிவார்கள்.

"பதிமூணு தடவை பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா சார். அது தப்புதான். மறுக்கலை."

"அப்புறம் என்ன தைரியத்துல வாசல்ல உக்காந்திருக்கீங்க?"

 ஸ்கேல் எழுந்து போய், சுவரில் தொங்கிய பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "வெள்ளத்தப்போ இந்த நிலையத்துல போர்டுல உக்காந்திருந்தவங்க ஒன்பது பேரு. அதுல அஞ்சு பேரு கல்யாணம் ஆனவங்க. இப்பத்தான் எனக்கே தெரியும். கரையில இருந்த யாராவது, நீங்க மணமானவங்களா ஆகாதவங்களான்னு கேட்டுட்டா சார் மேட்டுக்கு ஏறினாங்க? இந்த விதி எதுக்காக வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நியாயமா இருந்தா நாங்களே எழுந்து போயிடறோம்."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் புத்தகத்தைப் புரட்டினார். முன்பக்கம், பின்பக்கம், அட்டையின் உள்பக்கம். காரணம் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்தது" என்றார் அதிகாரி. மீசையைத் தடவினார். வெகுநேரம் தடவினார். கடைசியில் பேனாவை எடுத்தார்.

இந்த நிலையத்தில் மட்டும் நான்காம் விதி மறுபரிசீலனைக்காக நிறுத்தி வைக்கப்படுகிறது என்று எழுதினார். பதினொரு பேரும் ஓர் எச்சரிக்கையோடு உடனே வேலைக்குத் திரும்பலாம். ஆனால் பதிமூன்று பொய்க் கையெழுத்துக்காக ஸ்கேல் ஒரு வருஷத்துக்குச் சூப்பர்வைசர் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, சாதாரண ஆபரேட்டராகப் போர்டில் உட்கார வேண்டும். துணை சூப்பர்வைசர் அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்வார்.

"இதுக்குச் சம்மதமா?"

"எத்தனாம் நம்பர் போர்டு சார்?" என்று கேட்டாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். சூப்பர்வைசராகி எட்டு வருஷமாக முதுகுகளை மட்டுமே பார்த்துக்கொண்டு அந்த அறையில் நடந்தவள் அவள். குரல்கள் இல்லாமல் காது காய்ந்து போயிருந்தது.

எட்டாம் நம்பர் கிடைத்தது. மைனாவுக்குப் பக்கத்து நாற்காலி. திங்கட்கிழமை காலை உட்கார்ந்தபோது விரல்கள் முதலில் கொஞ்சம் தடுமாறின. மாவு மில்லுக்குப் பதில் மரக்கடையில் செருகிவிட்டாள். "அக்கா, அது பக்கத்துத் துளை" என்று மைனா காதோரம் சொன்னாள். அரை மணி நேரத்தில் கை பழகிவிட்டது.

பதினொரு மணி இருக்கும். வெளியூர் வரிசையில் ஒரு விளக்கு எரிந்தது. செருகினாள்.

"எண் சொல்லுங்க."

"எண் எதுவும் வேண்டாங்க" என்றது ஒரு பெண்குரல், கிசுகிசுப்பாக. "நான் பக்கத்து ஊர் எக்ஸ்சேஞ்சுலேருந்துதான் பேசறேன். இங்க எங்களுக்கு நாளன்னைக்குப் படிவம். உங்க ஊர்ல என்ன எழுதினீங்கன்னு சரியாத் தெரியலை, ஆளுக்கொண்ணு சொல்றாங்க. கொஞ்சம் சொல்றீங்களா? நான் எழுதிக்கறேன்."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"கல்யாணமானவங்க ஏழு. எட்டாவது ஆள் இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கா."

ஸ்கேல் நாற்காலியில் கொஞ்சம் சரிந்து, சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பேனா இருக்கா? நிதானமாச் சொல்றேன், எழுதிக்கோங்க. முதல்ல அந்தச் சொல்லை நேரா ஒரு கோடு போட்டு அடிக்கணும்..."